உங்களுக்குத் தெரியுமா? லாயத்திலிருந்து வந்த மார்ஷல்!

ராணுவத்தில் பதவி ஏணியின் உச்சிப் படியைத் தொட்டவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான். ஃபீல்டு மார்ஷல், ஐந்து நட்சத்திர ஜெனரல், ஜெனரலிஸிமோ என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும். சிலருக்கு அது வெற்றிச் சூட்டோடு கிடைத்தது. சிலருக்குத் தள்ளாத வயதில் வந்தது. ஒருவருக்கோ இறந்து ஏறக்குறைய 177 ஆண்டுகள் கழித்து! காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தனக்குத்தானே சூட்டிக்கொண்டவரும் உண்டு. வாருங்கள், ஒரு சுற்று அணிவகுப்பைப் பார்த்துவிட்டு வருவோம்.

பெயரின் பூர்வீகம்

● 'மார்ஷல்' என்றதும் பதக்கங்கள் மின்னும் சீருடைதான் கண்ணில் நிற்கும். ஆனால் அந்தச் சொல்லின் பிறந்த வீடு குதிரை லாயம். பழைய ஜெர்மானிய மொழியில் 'மரஹ்' என்றால் குதிரை. 'ஸ்கால்க்' என்றால் வேலைக்காரன். அரசனின் குதிரைகளுக்குப் புல்லும் கொள்ளும் போட்டவர்தான் முதல் மார்ஷல். குதிரைப்படைக்கு மதிப்புக் கூடக் கூட, குதிரைக்காரரின் மதிப்பும் கூடியது.

● கடற்படையின் 'அட்மிரல்' அரபு நாட்டிலிருந்து கப்பலேறிய சொல். தலைவன் என்று பொருள்படும் 'அமீர்' என்பதுதான் ஐரோப்பியர் வாயில் புரண்டு அட்மிரல் ஆனது.

● மேஜர், லெப்டினன்டை விடப் பெரியவர். அப்படியானால் மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரலை விடப் பெரியவர்தானே? இல்லை, நேர்மாறு! மேஜர் ஜெனரலின் பழைய பெயர் 'சார்ஜென்ட் மேஜர் ஜெனரல்'. முன்னால் இருந்த சார்ஜென்ட் உதிர்ந்துவிட்டார். பதவியின் உயரம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

● ஜெனரலிஸிமோ என்பது இத்தாலியச் சொல். 'ஜெனரல்களுக்கெல்லாம் ஜெனரல்' என்று வைத்துக்கொள்ளலாம். ரஷ்யாவின் சுவோரோவ், ஸ்பெயினின் ஃபிராங்கோ, சீனாவின் சியாங் காய்-ஷேக் ஆகியோர் இந்தப் பட்டத்தால் அழைக்கப்பட்டவர்கள்.

● ஐந்து நட்சத்திரம் என்பது அமெரிக்கக் கணக்கு. பிரான்ஸின் மார்ஷலுக்கு ஏழு நட்சத்திரம். இந்திய ஃபீல்டு மார்ஷலின் தோளில் நட்சத்திரமே கிடையாது. தாமரை வளையத்துக்குள் குறுக்காக வைத்த கோலும் வாளும், அவற்றின் மேல் நம் தேசியச் சின்னமான சிங்கங்களும்தான் அவருடைய அடையாளம்.

● ஐரோப்பாவில் மார்ஷலுக்குக் கோல் கொடுத்தார்கள். பழந்தமிழ் மன்னர்கள் மோதிரம் கொடுத்தார்கள்! சிறந்த படைத்தலைவருக்கு 'ஏனாதி' என்ற பட்டமும், அதன் அடையாளமாக ஏனாதி மோதிரமும் அணிவிப்பது வழக்கம். புறநானூற்றில் பாடப்பட்ட ஏனாதி திருக்கிள்ளி அப்படிப் பட்டம் பெற்றவர்.

இந்தியாவின் மூவர்

● சுதந்திர இந்தியாவில் ஐந்து நட்சத்திரத் தகுதியை எட்டியவர்கள் மூவர் மட்டுமே. தரைப்படையில் மானெக்‌ஷாவும் கரியப்பாவும், விமானப்படையில் அர்ஜன் சிங்கும். கடற்படையில் இந்தத் தகுதி இதுவரை எவருக்கும் வழங்கப்படவில்லை.

● 1971 டிசம்பரில் 13 நாளில் முடிந்த வங்கதேசப் போரை நடத்திய சாம் மானெக்‌ஷா, 1973 ஜனவரி முதல் வாரத்தில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அதே மாதம் 15ஆம் தேதி தளபதி நாற்காலியை விட்டு இறங்கினார். ஆக, உச்சப் பதவியின் மிடுக்கோடு அவர் படையை நடத்தியது சுமார் இரண்டு வாரம்தான்!

● ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பதே இல்லை. சாகும்வரை அவர் பணியில் இருப்பதாகவே கணக்கு. முழுச் சம்பளமும் உண்டு. இது காகிதத்தில் இருந்த விதி. மானெக்‌ஷா கையில் நிலுவைத் தொகை வந்து சேர்ந்ததோ 2007ல். ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். அப்போது அவருக்கு வயது 93. அடுத்த ஆண்டே காலமானார்.

● டேராடூன் ராணுவ அகாடமி 1932ல் தொடங்கியபோது சேர்ந்த முதல் அணி மாணவர்களில் மூவரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மானெக்‌ஷா. இன்னொருவர் முகமது மூசா. மூன்றாமவர் ஸ்மித் டன். பின்னாளில் மூவரும் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார்கள். ஒரே நாட்டுக்கு அல்ல. முறையே இந்தியா, பாகிஸ்தான், பர்மா!

● 1942ல் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் ஜப்பானியத் துப்பாக்கிக் குண்டுகள் மானெக்‌ஷாவின் உடலைத் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த மேலதிகாரி, தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் பதக்கத்தைக் கழற்றி அவர் மார்பில் குத்தினார். அந்தப் பதக்கம் இறந்தவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை என்பதால் அவ்வளவு அவசரம். 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்ட மருத்துவரிடம், 'கோவேறு கழுதை உதைத்துவிட்டது' என்று சாம் சொன்னதாக ஒரு கதை உண்டு.

● தேசப் பிரிவினைக்கு முன் மானெக்‌ஷாவும் யாஹ்யா கானும் ஒரே அலுவலகத்து நண்பர்கள். சாமின் மோட்டார் சைக்கிளை யாஹ்யா ஆயிரம் ரூபாய்க்குப் பேசி எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் போனார். பணம் வரவே இல்லையாம். 1971ல் அந்த யாஹ்யா பாகிஸ்தான் அதிபர். போர் முடிந்ததும், 'ஆயிரம் ரூபாய்க்குப் பதிலாகப் பாதி நாட்டைக் கொடுத்துவிட்டார்' என்று சாம் கண்ணடித்துச் சொல்வாராம்.

● மானெக்‌ஷாவுக்கு முன் தரைப்படைத் தளபதியாக இருந்தவர் நம்மூர்க்காரர், ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கம். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டுப் போர்க்கைதியாக இருந்தவர். தந்தை சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். தம்பி மோகன் மத்திய அமைச்சர். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. ஒரே வீட்டுக்குள் எத்தனை அணி!

● ஆண்டுதோறும் ஜனவரி 15 ஏன் ராணுவ தினம்? 1949ல் அந்த நாளில்தான் குடகு மண்ணின் கே.எம். கரியப்பா, ஆங்கிலேயர் ராய் புச்சரிடமிருந்து தலைமைப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். இந்தியப் படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதி அவர். 1953ல் ஓய்வு பெற்றார். ஃபீல்டு மார்ஷல் பட்டம் 1986ல் வந்தது. 33 ஆண்டுக் காத்திருப்பு; அப்போது வயது 87.

● 1965 போரில் கரியப்பாவின் மகன், விமானப்படை வீரர் நந்தா கரியப்பா, பாகிஸ்தானிடம் பிடிபட்டார். அங்கே அதிபர் அயூப் கான். பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். வேண்டுமானால் உங்கள் மகனை விட்டுவிடுகிறேன் என்று செய்தி அனுப்பினார். சிறைப்பட்ட எல்லா வீரர்களும் என் பிள்ளைகள்தான், இவனுக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டாம் என்று மறுத்துவிட்டார் தந்தை. மகன் மற்றவர்களோடு சேர்ந்தே வீடு திரும்பினார்.

● அர்ஜன் சிங் விமானப்படைத் தளபதி ஆனபோது வயது 45தான். 1965 போரில் விமானப்படையை நடத்தியவர். 'மார்ஷல் ஆஃப் தி ஏர்ஃபோர்ஸ்' தகுதி 2002ல், 82 வயதில் வந்தது. 2015ல் அப்துல் கலாமின் உடல் டெல்லிக்கு வந்தபோது, 96 வயது அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்தார். உடலின் அருகே வந்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

● இந்தியத் தரைப்படைத் தளபதி நேபாள ராணுவத்தின் கௌரவ ஜெனரலும்கூட. நேபாளத் தளபதிக்கும் இந்தியா அதே மரியாதையைத் திருப்பிச் செய்கிறது. 1950ல் கரியப்பாவிடம் தொடங்கிய வழக்கம் இது.

அக்கம்பக்கத்தில்

● பாகிஸ்தானில் இரண்டு ஃபீல்டு மார்ஷல்கள். அயூப் கான் 1958ல் ஆட்சியைப் பிடித்தார். 1959ல், அதிபராக இருந்துகொண்டே, ஃபீல்டு மார்ஷல் ஆனார். அடுத்தவருக்கு 66 ஆண்டு ஆயிற்று. 2025 மே மாதம், இந்தியாவுடனான மோதல் நின்ற சில நாட்களிலேயே ஜெனரல் அசிம் முனீருக்கு அந்தப் பதவி தரப்பட்டது.

● இலங்கையின் முதல் ஃபீல்டு மார்ஷல் சரத் பொன்சேகா. தமிழர் மனத்தில் ஆறாத வடுவாக நிற்கும் 2009 இறுதிப் போரின்போது ராணுவத் தளபதி. மறு ஆண்டு அப்போதைய அதிபர் ராஜபக்சவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். கைதானார், ராணுவ நீதிமன்றம் பதவியையும் பதக்கங்களையும் பறித்தது, சிறைக்குப் போனார். 2015ல் ஆட்சி மாறியது. பறித்ததெல்லாம் திரும்பி வந்தது. மார்ச்சில் ஃபீல்டு மார்ஷல் பட்டமும் சேர்ந்தே வந்தது. ஐந்தே ஆண்டில் கைதியிலிருந்து உச்சிக்கு!

நெப்போலியனின் 26 பேர்

● நெப்போலியன் மொத்தம் 26 பேரை மார்ஷல் ஆக்கினார். பிரபு வம்சத்துக்காரர்கள் மட்டுமல்ல, சத்திரக்காரர் மகன் முராவும் பீப்பாய் செய்பவர் மகன் நேயும் அந்தப் பட்டியலில் உண்டு. முரா நேப்பிள்ஸின் மன்னராகவே ஆனார். நெப்போலியன் வீழ்ந்த 1815ல் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 'சுடுங்கள்' என்ற உத்தரவை இருவருமே தங்கள் வாயாலேயே கொடுத்ததாகச் சொல்வார்கள்.

● இன்னொரு மார்ஷல் பெர்னதோத்துக்கு அடித்தது வேறு யோகம். வாரிசு இல்லாமல் தவித்த ஸ்வீடன் 1810ல் அவரை இளவரசராகத் தத்து எடுத்துக்கொண்டது. 1813ல் லைப்சிக் போரில் தன் பழைய எஜமானுக்கு எதிராகவே படை நடத்தினார். 1818ல் முடி சூடினார். இன்றைய ஸ்வீடன் அரச குடும்பம் அவருடைய வழி வந்ததுதான்.

● போலந்து இளவரசர் பொனியடோவ்ஸ்கி, அதே லைப்சிக் களத்தில் 1813 அக்டோபர் 16ஆம் தேதி மார்ஷல் ஆனார். 19ஆம் தேதி பின்வாங்கும்போது எல்ஸ்டர் ஆற்றில் மூழ்கி இறந்தார். மார்ஷலாக வாழ்ந்தது மூன்றே நாள்.

● பிரான்ஸில் மார்ஷல் என்பது பதவி அல்ல, அரசு தரும் கௌரவம். முதல் உலகப் போரில் வென்ற ஃபோஷுக்குப் பிரான்ஸ், பிரிட்டன், போலந்து என மூன்று நாடுகளின் கோல்கள் கிடைத்தன. வெர்டன் களத்தைக் காத்த பெத்தானும் 1918ல் மார்ஷல். அடுத்த போரில் ஹிட்லருக்கு இணங்கிய அரசை நடத்தியதற்காக 1945ல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

பிரிட்டன் கோல்கள்

● பிரிட்டனில் ஃபீல்டு மார்ஷல் பதவி 1736ல் பிறந்தது. கோல் பிறந்த கதைதான் ருசி. 1813ல் ஸ்பெயினின் விட்டோரியா போரில், தப்பி ஓடிய பிரெஞ்சு மார்ஷல் ஜூர்தானின் கோல் வெலிங்டனின் படையிடம் சிக்கியது. அதை அவர் லண்டனுக்கு அனுப்பிவைத்தார். 'நீ பிரெஞ்சுக் கோல் அனுப்பினாய், நான் இங்கிலாந்துக் கோல் அனுப்புகிறேன்' என்ற பாணியில் இளவரசர் அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார். ஒரே சிக்கல்: அனுப்புவதற்கு அங்கே கோலே இல்லை! அவசரமாக ஒன்றை வடிவமைத்துச் செய்தார்கள்.

● அந்த வெலிங்டன், பிரிட்டனையும் சேர்த்து எட்டுப் படைகளில் ஃபீல்டு மார்ஷல் அல்லது அதற்கு நிகரான பதவி வகித்தவர். அவர் போர்த் தொழிலைப் பழகியது நம் பக்கத்தில்தான். 1799 ஸ்ரீரங்கப்பட்டின முற்றுகையில் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லியாக நின்றவர் இவரே. பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவார்.

● பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து ஃபீல்டு மார்ஷல் வரை போனவர் ஒரே ஒருவர், வில்லியம் ராபர்ட்சன். 1877ல் பட்டாளத்தில் சேர்ந்தபோது, இதைவிட உன்னைப் புதைத்துவிடலாம் என்கிற அளவுக்கு அம்மா நொந்துபோய்க் கடிதம் எழுதினார். 1920ல் மகன் கையில் கோல்.

● பிரிட்டன் பிற நாட்டு மன்னர்களுக்கும் மரியாதைக்காக இந்தப் பதவியைக் கொடுக்கும். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குக் கொடுத்தது. முதல் உலகப் போர் மூண்டது. ஜப்பானிய மன்னர் ஹிரோஹிட்டோவுக்குக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. இரண்டு முறையும் பட்டியலிலிருந்து பெயரை அடிக்க வேண்டியதாயிற்று.

● நேர்மாறான கதையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜான் ஸ்மட்ஸ், போயர் போரில் பிரிட்டிஷ் படையை விரட்டி விரட்டி அடித்த கெரில்லாத் தலைவர். 1941ல் அதே பிரிட்டன் அவரைத் தன் ஃபீல்டு மார்ஷல் ஆக்கிக்கொண்டது.

● ஆஸ்திரேலியாவில் பிறந்து ஃபீல்டு மார்ஷல் ஆனவர் தாமஸ் பிளேமி மட்டுமே. 1950ல் கோலை வாங்கும்போது மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். அடுத்த ஆண்டே மறைந்தார்.

அமெரிக்காவின் ஒன்பது பேர்

● இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜெனரல்களுக்கு ஒரு தர்மசங்கடம். நான்கு நட்சத்திரத்தோடு நின்றுகொண்டு, பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. அதனால் 1944 டிசம்பரில் ஐந்தாவது நட்சத்திரத்துக்குச் சட்டம் போட்டார்கள். 'மார்ஷல்' என்ற பெயர் ஏன் வேண்டாம் என்றார்கள்? தலைமைத் தளபதியின் பெயரே ஜார்ஜ் மார்ஷல் என்பதால்தான் என்று ஒரு கதை உண்டு. 'மார்ஷல் மார்ஷல்' என்று கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும்!

● யார் மூத்தவர் என்ற சண்டை வராமல் இருக்க, தினம் ஒருவராகப் பதவி உயர்வு தந்தார்கள். டிசம்பர் 15 லேஹி, 16 மார்ஷல், 17 கிங், 18 மெக்கார்தர், 19 நிமிட்ஸ், 20 ஐசன்ஹோவர், 21 ஆர்னால்ட். கடைசியில் வந்த ஆர்னால்டைத் தவிர்த்துப் பார்த்தால், கடற்படைக்கு ஒன்று, தரைப்படைக்கு ஒன்று என மாற்றி மாற்றி வந்ததைக் கவனித்தீர்களா? பிறகு ஹால்சியும் பிராட்லியும் சேர, மொத்தம் ஒன்பது. 1950க்குப் பிறகு எவருக்கும் இல்லை.

● ஐசன்ஹோவர் 1941 தொடக்கத்தில் வெறும் லெப்டினன்ட் கர்னல். நான்கு ஆண்டு முடிவதற்குள் ஐந்து நட்சத்திரம். அவரும் பிராட்லியும் வெஸ்ட் பாயின்ட் அகாடமியின் 1915ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்தவர்கள். அந்த 164 பேரில் 59 பேர் ஜெனரல் ஆனதால், 'நட்சத்திரம் விழுந்த வகுப்பு' என்றே பெயர்.

● ஹென்றி ஆர்னால்டுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தது ரைட் சகோதரர்களின் பள்ளி. தரைப்படையிலும், பின்னர் தனியாகப் பிரிந்த விமானப்படையிலும், இரண்டிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றவர் இவர் ஒருவரே.

● மெக்கார்தர் 1936லேயே பிலிப்பைன்ஸ் நாட்டின் ஃபீல்டு மார்ஷல். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்தவர் ஐசன்ஹோவர். கொரியப் போரில் அரசின் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்த மெக்கார்தரை, 1951 ஏப்ரலில் அதிபர் ட்ரூமன் பதவியிலிருந்து நீக்கினார். ட்ரூமன் முதல் உலகப் போரில் வெறும் கேப்டன். ஒரு கேப்டன் ஐந்து நட்சத்திரத்தை வீட்டுக்கு அனுப்பிய கதை இது. மக்களாட்சியில் ஓட்டு வாங்கியவர்தான் பெரியவர்.

● ஐந்துக்கும் மேலே ஒரு படி உண்டு: 'ஜெனரல் ஆஃப் தி ஆர்மீஸ்'. உயிரோடு இருக்கும்போது அதைப் பெற்றவர் முதல் உலகப் போரின் பெர்ஷிங் மட்டுமே. 1799ல் லெப்டினன்ட் ஜெனரலாக இறந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் நாடாளுமன்றம் அதே பதவியைத் தந்தது. எப்போது? 1976 ஜூலை 4, நாட்டின் இருநூறாவது பிறந்தநாள் முதல்! அவருக்கு மேல் எவரும் ஒருபோதும் இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

ஹிட்லரின் கோல், ஸ்டாலினின் நட்சத்திரம்

● பிரான்ஸை வென்ற மகிழ்ச்சியில் ஹிட்லர் 1940 ஜூலை 19ஆம் தேதி ஒரே நாளில் 12 ஃபீல்டு மார்ஷல்களை உருவாக்கினார். அவருடைய வலதுகரமான கோயரிங் கோபித்துக்கொள்ளக் கூடாதே! அவருக்கென்று 'ரைக்ஸ் மார்ஷல்' என்று ஒரு தனிப் பதவி. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான விட்ஸ்லேபன், ஹிட்லரைக் கொல்லும் சதியில் சேர்ந்ததற்காக 1944 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்.

● ஸ்டாலின்கிராடில் சுற்றி வளைக்கப்பட்ட ஜெர்மானியத் தளபதி பவுலஸை, 1943 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார். ஜெர்மானிய ஃபீல்டு மார்ஷல் எவரும் உயிரோடு பிடிபட்டதில்லை என்பது அவர்கள் பெருமை. அதாவது, பதவி உயர்வோடு 'செத்துவிடு' என்ற குறிப்பும் வந்தது. பவுலஸ் மறுநாளே சரணடைந்தார். பின்னாளில் நியூரம்பெர்க் விசாரணையில் நாஜித் தலைவர்களுக்கு எதிராகச் சாட்சியும் சொன்னார்.

● ஹிட்லரின் கடைசி ஃபீல்டு மார்ஷல் கிரைம். 1945 ஏப்ரலில், குண்டு மழைக்கு நடுவே விமானத்தில் பெர்லினுக்கு வரவழைத்து, பதுங்கறையில் வைத்து விமானப்படைத் தலைமையை ஒப்படைத்தார்கள். அவர் ஏற்றுக்கொண்ட படையில் சொல்லிக்கொள்ள விமானங்களே இல்லை.

● சோவியத் நாடு 1935ல் தன் முதல் ஐந்து மார்ஷல்களை அறிவித்தது. 1939 முடிவதற்குள் மூவர் உயிரோடு இல்லை. துகாசெவ்ஸ்கியும் யெகோரோவும் சுடப்பட்டார்கள். புளூகர் சிறையிலேயே இறந்தார். கொன்றது எதிரி அல்ல, ஸ்டாலினின் களையெடுப்பு.

● ரொக்கசோவ்ஸ்கியும் 1937ல் கைதானவர்தான். சித்திரவதையில் பல் உடைந்தது. ஆனாலும் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவில்லை. 1940ல் விடுதலை, 1944ல் மார்ஷல். 1945 ஜூன் 24 மாஸ்கோ வெற்றி அணிவகுப்பை நடத்தியவர் அவர். வெள்ளைக் குதிரையில் வந்து மரியாதையை ஏற்றவர் மார்ஷல் ஜுகோவ். அந்த ஒரு காட்சியிலாவது மார்ஷல் என்ற சொல் தன் லாயத்துக்குத் திரும்பியது!

● மூன்று நாள் கழித்து ஸ்டாலின் ஜெனரலிஸிமோ ஆனார். அதற்கென்று தைத்துக் காட்டிய பகட்டான சீருடை அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய மார்ஷல் உடையிலேயே இருந்துவிட்டார்.

● பின்லாந்தின் ஒரே மார்ஷல் மன்னர்ஹைம். 1942 ஜூன் 4, அவருடைய 75ஆம் பிறந்தநாளில் அந்தப் பட்டம் கிடைத்தது. வாழ்த்த ஹிட்லர் நேரில் வந்தார். வானொலிக்காரர் ஒருவர் ரயில் பெட்டிக்குள் நடந்த பேச்சைச் சத்தமில்லாமல் பதிவு செய்துவிட்டார். மேடை முழக்கம் இல்லாமல் ஹிட்லர் சாதாரணமாகப் பேசும் அரிய ஒலிப்பதிவு அது. சுமார் 11 நிமிடம்.

வேண்டாம் என்றவரும் விடாதவரும்

● சீனா 1955ல் பத்துப் பேரை மார்ஷல் ஆக்கியது. அவர்களுக்கும் மேலே 'மாபெரும் மார்ஷல்' பதவி மாவோவுக்கு நீட்டப்பட்டது, வேண்டாம் என்றுவிட்டார். பத்து ஆண்டில் பதவி முறையே ஒழிக்கப்பட்டது. 1988ல் பதவிகள் திரும்பின. மார்ஷல் மட்டும் திரும்பவில்லை.

● வியட்நாமின் வோ நியுயென் ஜியாப், ராணுவக் கல்லூரி வாசலை மிதிக்காத வரலாற்று ஆசிரியர். 1948ல் நேரடியாக ஜெனரல். 1954ல் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படையைச் சரணடைய வைத்தார். 102 வயது வரை வாழ்ந்தார். மார்ஷல் ஆகவில்லை, ஆகாததால் அவர் பெருமை குறையவும் இல்லை.

● உகாண்டாவின் இடி அமீன் காலனியப் படையில் சமையல்காரருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவர், குத்துச்சண்டை வீரர். 1971ல் ஆட்சியைப் பிடித்தார். 1975ல் யாரும் கொடுக்காமலே ஃபீல்டு மார்ஷல் ஆனார். 1979ல் தான்சானியப் படை தலைநகருக்குள் வந்தபோது இந்த ஃபீல்டு மார்ஷல் களத்தில் இல்லை. தப்பி ஓடியிருந்தார்.

● வடகொரியாவில் இறந்தாலும் பதவி உயர்வு நிற்காது. 2011 டிசம்பரில் காலமான கிம் ஜாங் இல், 2012 பிப்ரவரியில் உச்சப் பதவிக்கு உயர்த்தப்பட்டார்.

நீலகிரியில் முடியும் அணிவகுப்பு

● முப்படைகளுக்கும் சேர்த்து இந்தியா நியமித்த முதல் தலைமைத் தளபதி பிபின் ராவத். பொறுப்பு பெரிது, தோளில் நட்சத்திரம் நான்குதான். 2021 டிசம்பர் 8ஆம் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து உயிரிழந்தார்.

● மானெக்‌ஷா தங்கி வாழ்ந்ததும் அதே குன்னூரில்தான். வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்தாவ்கா'. ரஷ்ய மொழியில் 'போர்த் தலைமையகம்'! ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வில்லை என்பதை வாசல் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார்.

● வெலிங்டன் என்ற ஊர்ப் பெயர் எங்கிருந்து வந்தது? ஜக்கதளா கிராமத்தை ஒட்டி 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் படைமுகாம் கட்டினார்கள். அதற்கு, மேலே நாம் பார்த்த எட்டுப் படைகளின் மார்ஷல், வெலிங்டன் பிரபுவின் பெயர் விழுந்தது. 2008 ஜூன் 27ஆம் தேதி அந்த வெலிங்டனின் ராணுவ மருத்துவமனையில்தான் மானெக்‌ஷா கண் மூடினார். ஒரு ஃபீல்டு மார்ஷலின் பெயர் கொண்ட ஊரில் இன்னொரு ஃபீல்டு மார்ஷலின் கடைசி மூச்சு. ஊட்டியின் பார்சி மயானத்தில், மனைவி சில்லூவின் பக்கத்தில் அவர் உறங்குகிறார். அடுத்த முறை ஊட்டி போகும்போது, படகு இல்லத்துக்கு முன் ஒரு நிமிடம் அங்கேயும் எட்டிப் பார்க்கலாமே!